பவர்பாயிண்ட்டில் பாதை அசைவு: ஃபெர்ரி முதல் வெள்ளி ரதம் வரை ஒரு முழு வழிகாட்டி

படவில்லையில் (ஸ்லைடில்) ஒரு படத்தை வரைந்த கோட்டின் வழியே நகர்த்துவது, அதாவது பாதை அசைவு கொடுப்பது, இரண்டு கிளிக் வேலை. ஆனால் அது நாம் நினைத்த இடத்தில் கிளம்பி, நினைத்த தெருவில் திரும்பி, நினைத்த இடத்தில் நிற்க வேண்டுமென்றால்தான் பலருக்கும் கை தடுமாறுகிறது. படம் திடீரென்று பின்னால் தாவுகிறது, வளைவில் பக்கவாட்டில் வழுக்குகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நொடி நின்று போகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரண்டே விதிகள்தான். அவை பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானே வசப்படும்.

முதல் விதி: பாதையில் ஓடுவது படத்தின் மையப்புள்ளி. சக்கரமோ, ஊசிமுனையோ, படகின் முகப்போ அல்ல. படத்தைச் சுற்றியுள்ள செவ்வகத்தின் நடுப்புள்ளிதான் கோட்டின் மேல் போகும்.

இரண்டாம் விதி: பவர்பாயிண்ட்டுக்குப் படத்தின் முதல் இருப்பிடம் மட்டுமே தெரியும். முதல் பாதையில் ஓடி வேறெங்கோ நின்றுவிட்ட படத்துக்கு இரண்டாவது பாதை கொடுத்தால், அந்தப் பாதையும் பழைய இடத்திலிருந்தே தொடங்கும். படம் பின்னால் தாவுவது இதனால்தான்.

இங்குள்ள எடுத்துக்காட்டுகள் பினாங்கைச் சார்ந்தவை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் நிர்வாகத்துக்கு விளக்கம் தயாரிப்பவர்கள், சுற்றுலா வழிகாட்டிகள் ஆகியோர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். படிகள் விண்டோஸ் கணினியில் உள்ள பவர்பாயிண்ட் 2016, 2019, மைக்ரோசாஃப்ட் 365 ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

வரையும் முன்

படவில்லையின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். 'டிசைன்' தாவலில் 'ஸ்லைட் சைஸ்' இருக்கிறது. அகலத்திரை என்றால் 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். சில வகுப்பறைகளில் இன்னும் 4:3 புரொஜெக்டர்தான் இருக்கும். எந்தத் திரையில் காட்டப் போகிறீர்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாதைகளை வரைந்து முடித்தபின் அளவை மாற்றினால், படவில்லையோடு சேர்ந்து பாதைகளும் நசுங்கிவிடும். ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிடப் புதிதாக வரைவதே மேல்.

வரைபடத்தைப் படமாக ஒட்டாமல் பின்னணியாக வையுங்கள். படவில்லையில் வலது கிளிக், 'ஃபார்மட் பேக்கிரவுண்ட்', 'பிக்சர் ஃபில்'. 1920 × 1080 பிக்சல் படம் 16:9 திரைக்குச் சரியாக அமரும். பின்னணியில் போய்விட்டால், பாதை வரையும்போது வரைபடம் தவறுதலாக நகராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தை எடுத்தால் மூலத்தை மூலையில் குறிப்பிடுவது கட்டாயம்.

ஆல்ட் + எஃப் 10 அழுத்தினால் 'செலக்‌ஷன் பேன்' வரும். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் கொடுங்கள்: ஃபெர்ரி, ரதம், பெட்டி 1. இதைச் செய்யாவிட்டால் அனிமேஷன் பட்டியலில் 'பிக்சர் 7', 'பிக்சர் 12' என்று வரிசையாக நிற்கும். எது எதென்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

நேர்க்கோடு: பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு

வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் பட்டர்வொர்த் வலப்பக்கம், ஜார்ஜ்டவுன் இடப்பக்கம். எனவே ஃபெர்ரி இடப்பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் படம் வலப்பக்கம் பார்த்தால், அசைவு கொடுப்பதற்கு முன்பே 'ரொட்டேட்', 'ஃபிளிப் ஹாரிஸான்டல்' மூலம் திருப்பிவிடுங்கள்.

ஃபெர்ரியைத் தேர்ந்தெடுத்து, 'அனிமேஷன்ஸ்' தாவலில் 'ஆட் அனிமேஷன்' பட்டியலின் அடிவரை போங்கள். 'மோஷன் பாத்ஸ்' அங்கேதான் இருக்கிறது. 'லைன்ஸ்' அழுத்தினால் கோடு கீழ்நோக்கி விழும். 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' சென்று 'லெஃப்ட்' கொடுங்கள். பச்சை முனை தொடக்கம், சிவப்பு முனை முடிவு. சிவப்பு முனையை இழுத்துப் படகுத்துறையில் வையுங்கள். இழுக்கும்போது அங்கே மங்கலாக ஒரு ஃபெர்ரி தெரியும். படம் வந்து நிற்கப் போகும் இடம் அதுதான். அந்த மங்கல் படம் துறையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், சிவப்பு முனையைப் பார்க்காதீர்கள்.

நேரம் தானாக 2 விநாடி என்று இருக்கும். ஃபெர்ரிக்கு அது மிக வேகம், 6 விநாடியாக்குங்கள். 'அனிமேஷன் பேன்' திறந்து அந்த வரியை இரட்டைக் கிளிக் செய்தால் 'ஸ்மூத் ஸ்டார்ட்', 'ஸ்மூத் எண்ட்' என இரண்டு அளவுகோல்கள் வரும். கிளம்பும்போது மெல்ல வேகமெடுப்பதும், சேரும்போது மெல்லத் தணிவதும் இவற்றின் வேலை. ஃபெர்ரிக்கு இரண்டிலும் 1.5 விநாடி வைத்தால் துறையைத் தொடுவது இயல்பாக இருக்கும்.

கொடிமலை ரயில்: இரண்டு பெட்டிகள், ஒரே நேரம்

பாதை அசைவின் முழுத் திறமையும் வெளிப்படுவது பினாங்குக் கொடிமலை ரயிலில்தான். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பிவடத்தில் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், இரண்டும் சரியாகப் பாதிவழியில் சந்திக்கும். அங்கே மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். மாணவர்களிடம் ஏன் மோதிக்கொள்வதில்லை என்று கேட்டுவிட்டு இதை ஓடவிட்டால், பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள். அதனால் இந்த ஒரு வில்லைக்கு நேரம் எடுத்துச் சரியாகச் செய்யுங்கள்.

மேலிருந்து பார்க்கும் வரைபடமாக வைத்துக்கொள்வோம். அகலத்திரை வில்லையில் இடக்கோடியிலிருந்து 5 செ.மீ., மேலிருந்து 16 செ.மீ. தூரத்தில் அடிவார நிலையம். இடக்கோடியிலிருந்து 29 செ.மீ., மேலிருந்து 4 செ.மீ. தூரத்தில் உச்சி. இரண்டையும் நேர்க்கோட்டால் இணைத்தால் சாய்வு ஏறத்தாழ 27 பாகை. கோட்டின் நடு 17, 10. பிரியும் இடம் 14, 11.5. மீண்டும் சேரும் இடம் 20, 8.5. இடையில் கோட்டின் இரு பக்கமும் 0.9 செ.மீ. தள்ளி இரண்டு கிளைகள். பெட்டியின் உயரம் 1.5 செ.மீ. என்பதால் கிளைகளுக்கிடையே 1.8 செ.மீ. இருந்தால் உரசாமல் கடக்கும்.

இனி பெட்டி. 3 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. உயரம். சுழற்சிப் பெட்டியில் 333 என்று கொடுங்கள். பவர்பாயிண்ட் வலச்சுற்றாகவே பாகையை எண்ணும், நமக்கோ 27 பாகை இடச்சுற்று வேண்டும். இடத்தைக் கொடுக்கும்போது கவனம்: 'பொசிஷன்' பெட்டி கேட்பது படத்தின் இடது மேல் மூலையை, பாதை ஓட்டுவதோ மையத்தை. ஆகவே மையம் 5, 16-இல் அமர, கிடைமட்டம் 3.5 என்றும் செங்குத்து 15.25 என்றும் கொடுக்க வேண்டும்.

அதன்பின் படிகள் இப்படிப் போகும்:

1. பெட்டி 1-ஐத் தேர்ந்தெடுத்து 'ஆட் அனிமேஷன்', 'கஸ்டம் பாத்'. உடனே 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' சென்று வகையை 'லைன்' என்று மாற்றுங்கள். 'ஸ்கிரிபிள்' வகையில் கை நடுக்கம் அப்படியே பாதையாகப் பதிந்துவிடும்.

2. பெட்டியின் மையத்தில் முதல் கிளிக். பிறகு பிரியும் இடம், கிளையின் தொடக்கம், கிளையின் முடிவு, சேரும் இடம், உச்சி. மொத்தம் ஆறு புள்ளிகள். கடைசியில் இரட்டைக் கிளிக். முதல் கிளிக் மையத்தில் விழாவிட்டால் ஓட்டம் தொடங்கியதும் பெட்டி ஒரு குதி குதித்துப் பாதைக்கு வரும்.

3. நேரம் 8 விநாடி, மென்தொடக்கமும் ('ஸ்மூத் ஸ்டார்ட்') மென்முடிவும் ('ஸ்மூத் எண்ட்') தலா 1 விநாடி.

4. கண்ட்ரோல் + டி அழுத்திப் பெட்டியை நகலெடுங்கள். அசைவும் சேர்ந்தே நகலாகும். அதற்குப் பெட்டி 2 என்று பெயர், வேறு நிறம்.

5. நகலின் பாதையை முதல் பாதையின் மேல் சரியாகப் பொருந்தும்படி நகர்த்தி, 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'லாக்டு' கொடுங்கள். பாதை அதே இடத்தில் நிற்க, பெட்டியை மட்டும் உச்சிக்குக் கொண்டுபோகலாம்: கிடைமட்டம் 27.5, செங்குத்து 3.25. பூட்டாமல் நகர்த்தினால் பாதையும் கூடவே வந்துவிடும்.

6. 'ரிவர்ஸ் பாத் டைரக்‌ஷன்'. இப்போது பச்சை முனை உச்சியில்.

7. இன்னும் இரண்டு பெட்டிகளும் ஒரே கிளையில்தான் வருகின்றன, மோதிக்கொள்ளும். பெட்டி 2-இன் பாதையில் வலது கிளிக், 'எடிட் பாயிண்ட்ஸ்', கிளையிலுள்ள இரண்டு புள்ளிகளை மட்டும் மறுபக்கக் கிளைக்கு இழுங்கள்.

8. பெட்டி 2-இன் தொடக்கத்தை 'வித் பிரீவியஸ்' (முந்தைய அசைவோடு சேர்ந்தே தொடங்குவது) ஆக்குங்கள்.

திரும்பி வரவும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் 'ஆட்டோ ரிவர்ஸ்' குறியிடுங்கள். மொத்த நேரம் 16 விநாடியாகும். ஒரு பெட்டி ஏறும்போதும் இறங்கும்போதும் அதே கிளையிலேயே போகும். இத்தகைய கம்பிவட ரயில்களில் உண்மையிலும் அப்படித்தான், ஆகவே இதைத் திருத்த வேண்டாம். நிலையத்தில் சற்று நிற்க வேண்டுமென்றால் 'ஆட்டோ ரிவர்ஸ்' உதவாது. இறக்கத்துக்குத் தனிப் பாதை கொடுத்து 'டிலே' (தாமதம்) வைக்க வேண்டும். அதற்குப் பாதைகளை ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

நின்று நின்று போகும் ரதம்: பாதைகளை ஒட்டுதல்

தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்பி, தண்ணீர்மலை அடிவாரத்தில் ஜாலான் கெபுன் பூங்காவிலுள்ள நாட்டுக்கோட்டை செட்டியார் கோயிலுக்குப் போகிறது. வழியெங்கும் அர்ச்சனை, தேங்காய் உடைப்பு, தண்ணீர்ப் பந்தல். இதை ஒரே பாதையாக ஓட்டினால் ரதம் பேருந்து போலப் போய்விடும். நிற்கும் இடந்தோறும் ஒரு பாதை முடிந்து அடுத்தது தொடங்க வேண்டும். பேசுபவர் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லி முடித்துக் கிளிக் செய்ததும் ரதம் நகர வேண்டும்.

முதல் பாதையை 'கஸ்டம் பாத்', 'கர்வ்' வகையில் வரையுங்கள். திருப்பத்துக்கு ஒரு கிளிக் போதும். புள்ளி கூடக்கூட வளைவு முண்டும் முடிச்சுமாகும்.

இரண்டாவது பாதையை 'ஆட் அனிமேஷன்' வழியாகவே சேர்க்க வேண்டும். நாடாவில் நேராகத் தெரியும் அசைவுப் பட்டியலில் கிளிக் செய்தால் முதல் பாதை அழிந்து புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். அதிகம் பேர் சிக்குவது இங்கேதான். போனது தெரிந்தவுடன் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள்.

இரண்டாவது பாதையின் முதல் கிளிக், ரதத்தின் மேல் அல்ல, முதல் பாதையின் சிவப்பு முனை மேல் விழ வேண்டும். 300 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். பச்சையும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று அமரவில்லை என்றால், பாதையைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் விசையைப் பிடித்தபடி நகர்த்துங்கள். கட்டக்கோடுகளில் ஒட்டிக்கொள்ளாமல் நுணுக்கமாக நகரும். அரை மில்லிமீட்டர் பிசகுகூடப் பெரிய திரையில் துடிப்பாகத் தெரியும்.

நிறுத்தத்தில் மென்முடிவும் மென்தொடக்கமும் அழகு. ஆனால் நிற்காமல் தொடர வேண்டிய இணைப்பில், முதல் பாதையின் மென்முடிவையும் அடுத்ததன் மென்தொடக்கத்தையும் 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் காரணமில்லாமல் தயங்கும். நேரத்தையும் நீளத்துக்கு ஏற்பப் பிரியுங்கள்: 6 செ.மீ. பாதைக்கு 3 விநாடி என்றால் 10 செ.மீ. பாதைக்கு 5 விநாடி.

ஐந்தாறு நிறுத்தங்களுக்கு மேல் போனால் ஒட்டும் வேலை சலிப்பாகும். அப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரதத்தின் நகலை வைத்து, பழையது 'டிஸப்பியர்' ஆகும் கணத்தில் நகல் 'அப்பியர்' ஆகும்படி 'வித் பிரீவியஸ்' கொடுங்கள். நகலுக்கு அதன் இடமே முதல் இருப்பிடம், பாதையும் அதன் மையத்திலிருந்தே தொடங்கும். ஒரு நிறுத்தத்தை நடுவில் சேர்ப்பதும் நீக்குவதும்கூட இந்த முறையில் எளிது.

சென்ற வழியைக் கோடாகக் காட்டுதல்

பாதைக்கோடு காட்சியில் தெரியாது. கோடும் தெரிய வேண்டுமென்றால் அதே வழியில் தடித்த கோடொன்றை வரைந்து, 'வைப்' அசைவை அதே நேர அளவில் 'வித் பிரீவியஸ்' கொடுக்க வேண்டும். ரதம் கிழக்கிலிருந்து மேற்கே போவதால் 'ஃபிரம் ரைட்'. 'வைப்' சீரான வேகத்தில் விரிவதால், ரதத்தின் மென்தொடக்கமும் மென்முடிவும் 0-இல் இருந்தால்தான் கோடும் ரதமும் சேர்ந்து போகும். வடக்கே நேராக ஏறும் துண்டுக்கு 'ஃபிரம் ரைட்' கொடுத்தால் கோடு முழுவதும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். அந்தத் துண்டைத் தனிக்கோடாக்கி 'ஃபிரம் பாட்டம்' கொடுங்கள்.

ரதத்துக்குப் பதில் இடங்காட்டி ஊசியைப் பயன்படுத்தினால் முதல் விதி குறுக்கே வரும்: ஊசியின் நடுப்பகுதி தெருவில் ஓடும், முனை தெற்கே தள்ளி இருக்கும். ஊசியின் நேர் கீழே அதே அளவுள்ள செவ்வகம் ஒன்றை நிறமும் ஓரக்கோடும் இல்லாமல் வைத்து இரண்டையும் 'குரூப்' செய்தால், மையம் சரியாக ஊசிமுனையில் வந்து நிற்கும். இதை அசைவு கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். குழுவாக்கும்போது, அதிலுள்ள படங்களுக்கு முன்பு கொடுத்த அசைவுகள் அனைத்தும் எச்சரிக்கையின்றி நீங்கிவிடும்.

வளைவில் திரும்புதல்

பவர்பாயிண்ட்டில் படம் பாதைக்கேற்பத் தானாகத் திரும்பாது. மேலிருந்து பார்த்த கார், பேருந்து, அம்புக்குறி ஆகியவற்றுக்கு 'ஸ்பின்' அசைவைச் சேர்த்து 'வித் பிரீவியஸ்' கொடுக்க வேண்டும். பாதை 6 விநாடி, திருப்பம் சரிபாதியில், இடப்பக்கம் 90 பாகை என்றால்: 'ஸ்பின்' தாமதம் 2.8 விநாடி, நேரம் 0.4 விநாடி, 'கவுன்டர்கிளாக்வைஸ்'. அளவுப் பெட்டியில் 90 என்று தட்டியபின் என்டர் அழுத்த மறக்காதீர்கள், அழுத்தாவிட்டால் 360-லேயே நிற்கும். பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைந்த ரதத்துக்கு இதைச் செய்யவே வேண்டாம். சுவாமி சாய்ந்து போவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

பூமியும் நிலவும்

அறிவியல் பாடத்துக்கு அதிகம் கேட்கப்படுவது இது. பூமி, நிலவு, பூமியின் மறுபக்கம் அதே தூரத்தில் நிறமில்லாத இன்னொரு நிலவு என மூன்றையும் குழுவாக்குங்கள். மையம் பூமியில் விழும். குழுவுக்கு 'ஷேப்ஸ்' வகையிலுள்ள வட்டப்பாதை கொடுத்துச் சூரியனைச் சுற்றி விரியுங்கள். அது வலச்சுற்றாக ஓடும். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி இடச்சுற்றாகவே போவதால் 'ரிவர்ஸ் பாத் டைரக்‌ஷன்' கொடுக்க வேண்டும். நேரம் 40 விநாடி, 'ரிபீட்' 'அன்டில் எண்ட் ஆஃப் ஸ்லைட்', மென்தொடக்கமும் மென்முடிவும் 0. இவை 0 இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பூமி தயங்கி நிற்கும்.

அதே குழுவுக்கு 'ஸ்பின்' சேர்த்து இடச்சுற்று 360 பாகை, 3 விநாடி, அதே 'ரிபீட்', 'வித் பிரீவியஸ்'. நிலவு பூமியைச் சுற்ற 27.3 நாள், ஓர் ஆண்டில் 13.4 சுற்று. 40-ஐ 13.4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3. குழு முழுவதும் சுழல்வதால் நிலவின் ஒரே முகம் எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருக்கும், உண்மையும் அதுதான். பூமியும் மாதத்துக்கு ஒருமுறை சுழல்வது போலத் தெரியும் என்பதால் கண்டங்கள் வரையாத வெறும் நீல வட்டமே இங்கே பொருத்தம். வட்டத்தை நீள்வட்டமாக இழுக்காதீர்கள். சூரியனிலிருந்து பூமியின் தூரம் ஜனவரியில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. திரையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நீட்டிய வட்டத்தைப் பார்க்கும் பிள்ளைகள், சூரியன் பக்கத்தில் வருவதால்தான் வெயில் காலம் என்று தவறாக மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.

மார்ஃப் போதுமா?

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நேராக நகர்ந்தால் போதும் என்றால், வில்லையை நகலெடுத்துப் படத்தை இடம் மாற்றி, 'டிரான்சிஷன்ஸ்' தாவலிலுள்ள 'மார்ஃப்' கொடுப்பது வேகமான வழி. அளவும் சாய்வும் கூடவே மாறும். வளைந்த பாதை அதில் கிடையாது. 2019-க்கு முந்தைய பதிப்புகளில் 'மார்ஃப்' கொடுக்கும் வசதி இல்லை.

காட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும்போது

ஷிப்ட் + எஃப் 5 அழுத்தி அந்த வில்லையை மட்டும் முழுத்திரையில் ஓட்டிப் பாருங்கள். சிறிய முன்னோட்டத்தில் தெரியாத துடிப்பு இங்கே தெரியும். அசைவு தடுமாறினால் முதலில் படத்தின் எடையைப் பாருங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைச் சிறிதாக்கி வைத்தாலும் உள்ளே முழு எடையும் இருக்கும். 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' சென்று 150 பிபிஐ ஆக்குங்கள். நிழல், மங்கலான ஓரம் போன்ற அலங்காரங்களை ஓடும் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினால் பாதை அசைவு போய்விடும். பிடிஎஃப்-இலும் அப்படித்தான். இணைய வகுப்பில் திரையைப் பகிரும்போது அசைவு வெட்டி வெட்டித் தெரியும் என்றால், 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'கிரியேட் எ வீடியோ' வழியாக 1080பி எம்பி4 ஆக்கி அனுப்புங்கள். கிளிக்குக்காகக் காத்திருக்கும் அசைவுகளை அதற்கு முன் 'ஆஃப்டர் பிரீவியஸ்' ஆக்கி, நிறுத்தத்துக்கு எத்தனை விநாடி வேண்டுமோ அதை 'டிலே' பெட்டியில் கொடுங்கள். மூலக் கோப்பைத் தனிப்பெயரில் வைத்துக்கொண்டு நகலில் இதைச் செய்தால், நேரில் பேசும்போது ரதம் பழையபடி உங்கள் கிளிக்குக்கு நகரும்.